சீனப் பேரரசருக்காக நான் வாதாடிய நாள்

பன்னிரண்டு வயதில் நான் ஒரு சீனப் பேரரசரின் வழக்கறிஞராக இருந்தேன். அந்த வழக்கில் தோற்றுப்போனதாக இன்றுவரை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில், ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடக்கும். நடத்தியவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். ஆண்டு விழா என்றால் பட்டிமன்றம் இருந்தே ஆகவேண்டும். பெற்றோர் எழுதிக் கொடுப்பார்கள், பிள்ளைகள் பாடமாக்கிப் பேசுவார்கள், மாமா நடுவராக இருந்து மணி அடிப்பார். முந்தைய ஆண்டு ஊர் வாழ்க்கையா கனடா வாழ்க்கையா என்று தலைப்பு வைத்ததில் இரண்டு குடும்பங்கள் முகம் பார்ப்பதையே நிறுத்திவிட்டன. ஆகவே இந்த முறை யாருக்கும் சொந்தமில்லாத ஒருவரை மாமா தேடினார். என் பிரெஞ்சுப் பள்ளிச் சரித்திரப் புத்தகத்தில் களிமண் படைவீரர்களின் படத்தைக் கண்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனாவை ஒன்றாக்கிய முதற் பேரரசர், சின் ஷி ஹுவாங். அவர் அறிவாளியா, கொடுங்கோலரா?

“உதிலை ஒருத்தருக்கும் நோகாது” என்றார் மாமா.

சீட்டுக் குலுக்கினார்கள். கொடுங்கோலர் என்ற பக்கம் மாமாவின் மகளுக்கு, அதாவது என் மச்சாளுக்குப் போனது. பேச்சுப் போட்டிப் பதக்கங்களை மாட்டி வைக்க அவள் வீட்டில் ஒரு சுவரே இருந்தது. அறிவாளி என் பங்குக்கு வந்தார். எனக்கு அந்த மண்டபத்தில் வேறு பெயர்: பிரெஞ்சுப் பிள்ளை. “உவளுக்குத் தமிழ் வராது” என்று மாமிமார் என் முன்னாலேயே சொல்வார்கள், அதையும் தமிழிலேயே. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த முறை ஒரு சொல் தட்டாமல் கடைசிவரை பேசிவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்குவது என்று முடிவு செய்தேன்.

புத்தகத்தில் இருந்ததை நான் பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் சொல்ல, அம்மா நல்ல தமிழில் எழுதித் தந்தார். ஒரு மாதம் சோறு தின்னும்போதும் தலை இழுத்துப் பின்னும்போதும் அதைத்தான் ஒப்புவித்தேன். அம்மா ழகரத்தைத் திருத்தினார், மூச்சு விடும் இடத்தைத் திருத்தினார். அது என்ன சொல்கிறது என்பதை எழுதித் தந்த அவரும் யோசிக்கவில்லை, ஒத்திகை பார்த்த மாமாவும் யோசிக்கவில்லை. டவுன்டவுனில் ஓர் உணவகச் சமையலறையில் மாலை வேலைக்குப் போகும் அப்பாவுக்கு ஒத்திகைகளைக் கேட்க நேரம் கிடைக்கவில்லை.

விழா நாளில் மச்சாள் முதலில் பேசினாள். பேரரசர் புத்தகங்களை எரித்தார், தன் சொல்லுக்கு மாறாகப் பேசிய அறிஞர்களை உயிரோடு புதைத்தார் என்று அவள் குரலை உயர்த்தியபோது கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. யாழ்ப்பாணத்தில் நூலகம் எரிந்ததைக் கண்ணால் கண்டவர்கள் அங்கே இருந்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

பிறகு நான் ஏறினேன். திரைக்குப் பின்னால் அம்மா நின்று, என்னோடு சேர்ந்து உதடசைத்துக்கொண்டிருந்தார்.

“பேரரசர் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் தந்தார். ஒரே அளவுமுறை தந்தார். மற்ற எழுத்துகளை எல்லாம் நீக்கி, ஒரே எழுத்தைத் தந்தார்” என்று சொல்லி, பழகியபடி கைதட்டலுக்காக நிறுத்தினேன்.

ஒருவரும் தட்டவில்லை.

“சிங்களம் மட்டும் எண்டு உதைத்தானே அங்கையும் சொன்னவங்கள்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “ஆர் உதைப் பிள்ளைக்கு எழுதிக் குடுத்தது?” என்றார் இன்னொருவர். அம்மாவின் உதடுகள் நின்றுவிட்டன. மாமா மணி அடித்தார்.

“காணும் பிள்ளை, இறங்கு.”

எனக்கு இன்னும் வீதிகள் இருந்தன, பெருஞ்சுவர் இருந்தது. நேரமும் இருந்தது. “மாமா, எனக்கு இன்னும் முடியேல்லை” என்றேன். மணி விடாமல் அடித்தது. முதல் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். ஊரில் சண்டை பிடிக்கும் இயக்கத்துக்கு இங்கே காசு சேர்ப்பவர்; எல்லா விழாவிலும் அவருக்கு முதல் வரிசைதான். அவர் கிட்ட வந்தால் பெரியவர்கள் கதையை மாற்றிக்கொள்வார்கள். அவர் ஒலிவாங்கியைக் கையால் பொத்தினார். நான் அதை அவரிடமிருந்து பறித்தேன். அதற்குப் பிறகு நான் சொன்னது அம்மா எழுதித் தந்ததல்ல.

“பிடிக்காததைக் கதைச்ச ஆக்களை அவர் புதைச்சவர் எண்டு மச்சாள் சொன்னவ. எல்லாரும் கை தட்டினீங்கள். இப்ப என்னைக் கதைக்க விடாட்டி நீங்களும் அந்த அரசர்தானே?”

மாமாவின் மணி நின்றது. அந்த மனிதர் என்னைப் பார்க்கவில்லை. இதைப் பெற்றவன் யார் என்று மண்டபத்தைத் தேடினார்.

பனிச்சப்பாத்துகள் குவிந்து கிடந்த வாசலில், வேலைக்குப் போகும் குளிர்ச்சட்டையோடு அப்பா நின்றிருந்தார். “பிள்ளை கதைக்கட்டும்” என்றார். குரல் பெரிதாக இல்லை. நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்து, அந்த மனிதருக்கும் எனக்கும் இடையில் நின்று, திரும்பவும் அதையே சொன்னார். குளிர்ச்சட்டையின் கழுத்தைக் கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். வெளியிலிருந்து வந்த குளிர் என்று நினைத்தேன்.

நான் முடித்தேன். வீதிகளையும் வண்டிச் சக்கரங்களையும் பெருஞ்சுவரையும் ஒரு ழகரம் தவறாமல் சொல்லி முடித்தேன். பரிசு மச்சாளுக்குப் போனது. எங்களோடு யாரும் கதைக்கவில்லை. மாமாகூட நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டார். அப்பா வேலைக்குப் போகாமல் எங்களோடு வீட்டுக்கு நடந்தார். கையுறைக்கு மேலால் அவர் பிடித்த பிடியில் என் விரல்கள் வலித்தன.

“நான் பிழையே சொன்னனான், அப்பா?”

“இல்லை. வடிவாக் கதைச்சாய்.”

என் தமிழைத்தான் புகழ்கிறார் என்று மகிழ்ச்சியில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் வீட்டில் அப்பாவின் தம்பியின் படம் இருந்தது. அதன் முன் மெழுகுதிரி ஏற்றுவோம், அதற்கு மேல் கேட்கக் கூடாது. எனக்குத் திருமணமான பிறகுதான் அம்மா சொன்னார். ஊரில் ஒரு கூட்டத்தில் சித்தப்பா எழுந்து ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். உட்கார் என்றிருக்கிறார்கள், அவர் உட்காரவில்லை. எங்கள் ஆட்களே, அந்த இயக்கமே, நடத்திய கூட்டம் அது. கேள்வியை முடிக்க விடாமல் அவரை வெளியே கூட்டிப் போனபோது, பக்கத்து நாற்காலியில் அப்பா குனிந்த தலை நிமிராமல் இருந்திருக்கிறார். சித்தப்பா திரும்பி வரவில்லை.

அந்தப் பேரரசர் எங்களில் ஒருவருக்கும் சொந்தமில்லை என்று மாமா நம்பியிருந்தார். நானும் அப்படித்தான் நம்பினேன். மேடைக்கு முன் வந்து நின்ற அப்பா எனக்காக மட்டுமே நிற்கிறார் என்றும் நம்பினேன்.