முயல்களுக்கு ஷிஃப்ட் போட்ட வீடு

எங்கள் குவார்ட்டர்ஸில் இரண்டு பெண் முயல்கள் உண்டு. ஒன்று வெள்ளை, இன்னொன்று சாம்பல். குட்டிகளாக வந்தபோது ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்துத் தூங்கியவை, வளர்ந்ததும் ஜென்ம விரோதிகளாகிவிட்டன. வீடெங்கும் முடி பறந்தது. ஒருநாள் சாம்பல்காரி வெள்ளைக்காரியின் காதைக் கடித்து ரத்தமே வரவைத்துவிட்டாள்.

என் கணவர் சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். "ரெண்டுக்கும் ஷிஃப்ட் போட்டுருவோம்" என்றார். காலையில் வெள்ளைக்காரி வீட்டில் உலவுவாள், சாம்பல்காரி தன் கூண்டில். மதியத்துக்கு மேல் ஆள் மாறும். எனக்கும் அது பெரிய புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. இந்தச் சுரங்க ஊரே அப்படித்தானே நடக்கிறது!

அங்கேதான் கோட்டைவிட்டோம். தன் ஷிஃப்டில் ஒருத்தி சோபா, பீரோ, இவருடைய சேஃப்டி ஷூ வரை எல்லாவற்றிலும் தாடையைத் தேய்த்துத் தன் வாசனையை வைத்துவிட்டுப் போவாள். அடுத்து வருகிறவள் முகர்ந்து பார்த்துக் கொதித்துப்போய், அதன் மேலேயே தன் தாடையைத் தேய்ப்பாள். ஆள் மாற்றும்போது நடக்கிற சண்டையை விலக்கி விலக்கி என் கை முழுக்கக் கீறல்.

"வெள்ளைய குடுத்துர வேண்டியதுதான்" என்றார் இவர். காடாம்புலியூரிலிருந்து வேலைக்கு வரும் நண்பர் வாங்கிக்கொள்வாராம்.

"நல்லா வளப்பாங்களா?"

"வளப்பாங்க..." என்று இழுத்தார். "அவங்க வீட்டுல மிளகு வறுவல் பிரமாதமா இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோவதாகப் பேசியும் முடித்துவிட்டிருந்தார்.

காதுப் புண்ணைக் காட்டப் போனபோது கால்நடை மருத்துவரிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "ஒங்க வூட்ட ரெண்டு பேரும் பட்டா போட்டு வச்சிகினு இருக்காங்கம்மா. ஒண்ணு படுக்கிற சாக்க இன்னொண்ணுக்கு விரிச்சுப் போடுங்க, வாசம் பழகட்டும். அப்புறம் ரெண்டும் பாக்காத எடமா பாத்து, பக்கத்துலயே நின்னுகினு வுட்டுப் பாருங்க."

சாக்குகளை மாற்றி மாற்றி விரித்தேன். ஆனால் பார்க்காத இடத்துக்கு எங்கே போவது? யோசித்தால் அந்த நண்பரின் காடாம்புலியூர் முந்திரித் தோப்பைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

ஞாயிறன்று ஒரு பெட்டியில் நடுவே அட்டை செருகி, ஆளுக்கொரு பக்கமாக உட்காரவைத்தேன். "சாம்பல் எதுக்கு?" என்றார் இவர். "வழியனுப்ப" என்றேன். தலையிலடித்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

வழியில் லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டுக் கடந்தது. மடியிலிருந்த பெட்டிக்குள் அட்டை சரிந்தது தெரிந்தது. பிறகு அசைவே இல்லை. ஒருத்தி இன்னொருத்தியை முடித்துவிட்டாள் என்றே நினைத்தேன். திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

நண்பர் வீட்டு வாசலில் அவர் மனைவி வரவேற்றார். "வாங்க வாங்க, இப்பத்தான் மசாலா அரைச்சிகினு இருந்தேங்க!"

தோப்பு நிழலில் பெட்டியைத் திறந்தேன். இரண்டும் ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தன. கீழே விட்டதும் சாம்பல்காரி சுற்றுமுற்றும் பார்த்தாள். தெரிந்த முகம் என்று அங்கே ஒன்றுதான் இருந்தது. மெல்லப் போய், தான் கடித்த அந்தக் காதையே நக்க ஆரம்பித்தாள். நான் அழுதுவிட்டேன்.

நண்பர் இவரைப் பார்த்தார். "வெள்ளைதானே எனக்கு?"

இவர் என்னையும் முயல்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இல்லண்ணே... சும்மா, ஒங்களப் பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தோம்."

அந்த மசாலா பலாக்காய்க் குழம்புக்குப் போனது. நாங்களும் வெட்கமில்லாமல் சாப்பிட்டோம்.

வீடு திரும்பியதும் தரையைக் கழுவிவிட்டு, சோபா, பீரோவின் இடத்தை இவரே மாற்றிப்போட்டார். இரண்டு கூண்டுகளையும் ஒட்டிப்போட்டு நடுவே கம்பி வலை மட்டும் வைத்து, நாங்கள் பக்கத்தில் இருக்கும்போது கொஞ்ச நேரம், கொஞ்ச நேரமாக ஒன்றாக விட்டோம். ஷிஃப்ட் ஒழிந்தது. இப்போது இரண்டும் அவருடைய சேஃப்டி ஷூ பக்கத்தில் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கின்றன.

நண்பர் மட்டும் இன்னும் விடவில்லை. டூட்டியில் பார்க்கும்போதெல்லாம் ஆசையாக விசாரிக்கிறாராம்: "இன்னா, இன்னும் சண்ட போடலியா?"