அண்ணன் ஒடுக்கிய முகங்கள்

கடைக் கம்ப்யூட்டருக்குப் புதுத் திரை வந்த அன்று அதில் முதலில் தெரிந்தது என் முகம்தான். சோதித்துப் பார்ப்பதற்காக அண்ணன் என் பழைய படம் ஒன்றைத் திறந்தார். கன்னம் இரண்டும் இரு பக்கமும் இழுபட்டு, மூக்கு சப்பையாகி, பூசணிக்காய்க்குக் கண்ணும் வாயும் வைத்ததுபோல் நான் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். "பரவால்ல, அண்ணன் ஊட்டுச் சோறு உனக்கு நல்லாத்தான் ஒட்டுது" என்றார். கடைக்குள் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

ஏற்காட்டில் ஏரிக்குப் போகும் வழியில் இருந்தது எங்கள் ஸ்டுடியோ. அண்ணன் படம் எடுப்பார், பிரிண்ட் போடுவார். நான் கடைக்கு வருகிறவர்களிடம் பேசுவேன், சட்டம் போட்டுக் கொடுப்பேன். கல்யாணம் செய்துகொடுத்த ஊர் எனக்குச் சரிப்படவில்லை, திரும்பி வந்துவிட்டேன். ஏன் வந்தாய் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. மறுநாள் காலையில் கடைச் சாவியை என் கையில் கொடுத்து, "நீ முன்னால போய்த் திற, நான் பால் வாங்கிட்டு வர்றேன்" என்றார், அவ்வளவுதான். அதனால் அவரைப் பற்றி நான் எதைக் குறையாகச் சொன்னாலும் அந்தச் சாவியையும் சேர்த்துத்தான் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நல்ல மனிதர். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது ஆதிகாலத்து விண்டோஸ். ஊரே புதிதுக்கு மாறிய பிறகும் அண்ணன் மாறவில்லை. அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. அவர் உயிரையே வைத்திருந்த பிரிண்டர் அந்தப் பழைய விண்டோஸின் பேச்சை மட்டும்தான் கேட்கும். புதியதோடு சேர்த்தால் எத்தனை முறை தட்டினாலும் செத்த பாம்பாகக் கிடக்கும். தோல் நிறம் இந்தப் பிரிண்டரில் வருவதுபோல் எதிலும் வராது என்பார். அது உண்மையும்கூட. அப்படியே ஓடிக்கொண்டிருந்த நாளில், ஒரு மழைக்காலத்தில் ஜன்னல் வழியே மேகம் உள்ளே வந்து வந்து, பெட்டி மாதிரி இருந்த பழைய திரை ஒரு நாள் பொசுக்கென்று அணைந்தது. அதே மாதிரி ஒன்று வாங்கலாம் என்று மலை இறங்கி சேலம் முழுக்கத் தேடினார். பெட்டித் திரை இப்போது எவரும் விற்பதில்லை, எல்லாம் அகலத் திரைதான் என்று சொல்லிவிட்டார்கள். அப்படி வந்ததுதான் என்னைப் பூசணிக்காயாக்கிய அந்தத் திரை.

மாட்டிக் கொடுக்க வந்த சேலத்துக் கம்ப்யூட்டர்காரர் விவரமானவர். பழைய விண்டோஸுக்கு இந்த அகலம் தெரியாது, அது பழைய பெட்டித் திரையின் அளவில்தான் படத்தை அனுப்பும், திரைதான் அதை இழுத்துத் தன் உடம்பு முழுக்கப் பரப்பிக்கொள்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். திரையின் அடியில் இருந்த பொத்தானை அழுத்திக் காட்டினார். படம் சுருங்கி நடுவில் நின்றது, முகங்கள் சரியாகிவிட்டன, இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை விழுந்தது. அண்ணனுக்கு அந்தக் கறுப்பு பொறுக்கவில்லை. "காசு குடுத்து வாங்குன கண்ணாடி, ரெண்டு பக்கமும் துக்கத் துணி கட்டுன மாதிரி நிக்கோணுமா? முழுசா வரட்டுமுங்க, நான் பார்த்துக்கறேன்" என்றார். கம்ப்யூட்டர்காரர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? பொத்தானை மறுபடி அழுத்திவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அண்ணன் 'பார்த்துக்கொண்ட' விதம் இதுதான். திரை ஆட்களைக் குண்டாக்குகிறது, அதனால் நாம் ஒடுக்க வேண்டும். தையல்காரர் துணியைப் பிடிப்பதுபோல் ஒவ்வொரு முகத்தையும் பக்கவாட்டில் பிடித்து, தன் கண்ணுக்குச் சரி என்று படும்வரை ஒடுக்கிவிட்டுப் பிரிண்ட் போட்டார். திரை குண்டாக்குவது திரையில் மட்டும்தான், தாளில் இல்லை என்பதை அவர் யோசிக்கவில்லை. அடையாள அட்டைக்கு எடுக்கும் படங்களுக்கு ஆபத்து இல்லை. அவை கேமராவிலிருந்து அப்படியே போகும். மாட்டிக்கொண்டவர்கள் இறந்தவர்கள்தான். எங்கள் மலையில் ஒருவர் போய்விட்டால், எங்கோ ஒரு கும்பல் படத்தில் நிற்கும் அவருடைய தலையை மட்டும் எடுத்துப் பெரிதாக்கி, பின்னால் நீல வானமும் மேகமும் வைத்துச் சட்டம் போட்டுக் கருமாதிக்குள் கொடுக்க வேண்டும். அந்த வேலைக்கு அண்ணனை விட்டால் ஆள் இல்லை. முகத்தை ஒடுக்கியதால் பக்கத்தில் காலியாகும் இடத்தை மேகம் நிரப்பிவிடும். கேட்க ஆள் ஏது?

நான் கேட்டேன். ஒரு பெரியவரின் படம் பிரிண்டாகி வந்ததும், "ஏண்ணா, இவரு நொம்ப மெலிஞ்சிருக்காரே?" என்றேன். "செத்தவங்க மெலியாம கொழுத்தா இருப்பாங்க? பெருசு பண்ணுனா கொஞ்சம் ஒடுங்கத்தான் செய்யும்" என்றார். வாங்க வந்தவர்களும் குறை சொல்லவில்லை. படத்தைப் பார்த்த நிமிடமே அழுகிறவர்களுக்குத் தாடையின் அகலமா கண்ணில் படும்? இப்படியே சில மாதங்கள் ஓடின.

அப்புறம்தான் கிளியூரிலிருந்து அவர் வந்தார். காப்பி எஸ்டேட்டில் வேலை செய்கிறவர். மனைவி நோயில் கிடந்து, சேலத்துக்கும் மலைக்குமாக அலைந்து, கடைசியில் வீட்டிலேயே போய்விட்டாள். கையில் ஒரு சின்னப் படம் வைத்திருந்தார். சேர்வராயன் கோயில் திருவிழாவில் அண்ணனே எடுத்தது. உறவுக்காரப் பெண்கள் வரிசையாக நிற்க, நடுவில் அவள், நெற்றியில் பெரிய வட்டப் பொட்டும் கன்னம் நிறைந்த சிரிப்புமாக. "ஏனுங்கண்ணா, இது அவ நல்லா இருந்தப்ப, நோம்பில நீங்க எடுத்ததுங்க. எனக்கு இந்த மூஞ்சிதான் வேணும். கடைசில இருந்த மூஞ்சி வேண்டாமுங்க. அதை நான் மறக்கோணும்" என்றார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கவலைப்படாதே என்றார். மறுநாளே போட்டுக் கொடுத்தார்.

அதற்கு அடுத்த நாள் கடை திறக்கும்போதே அந்த மனிதர் வாசலில் நின்றார். துணியில் சுற்றிய படத்தை மேசைமேல் வைத்தார். "கோவிச்சுக்காதீங்கண்ணா. இது அவதான், இல்லைங்கல. ஆனா ஆஸ்பத்திரில இனி ஆகாதுன்னு அனுப்புனாங்களே, அப்ப இருந்தவளுங்க. நான் நல்லா இருந்தவளத்தானுங்க கேட்டேன்."

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ குடுத்த போட்டோல இருக்கறதத்தானே நான் குடுத்திருக்கறேன்? கையால வரைஞ்சா குடுத்தேன்?" என்று குரல் உயர்த்தினார். நான் சின்னப் படத்தை வாங்கிப் பெரிய படத்தின் பக்கத்தில் வைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "அண்ணா, பொட்டப் பாருங்க" என்றேன். சின்னப் படத்தில் பொட்டு வட்டமாக இருந்தது. அண்ணன் போட்ட படத்தில் கோழிமுட்டையை நிறுத்தி வைத்ததுபோல் நீண்டிருந்தது. கன்னம் உள்ளே போய், கண் மட்டும் பெரிதாகி, அவள் சிரிக்கப் பாடுபடுகிறவளாக இருந்தாள்.

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரைக்கு அடியில் கை விட்டு அந்தப் பொத்தானைத் தேடி அழுத்தினார். இரண்டு ஓரமும் கறுத்தது. படத்தை முதலிலிருந்து மறுபடி செய்தார். கன்னம் நிறைந்த அவள் தாளில் வெளியே வந்தபோது கணவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, "இவதானுங்க, இவதானுங்க" என்றார். அவர் போன பிறகு அண்ணன் அந்த ஒடுங்கிய படத்தைச் சட்டத்திலிருந்து உருவி நாலாகக் கிழித்தார். ஊரே நம்பிய கண் இப்படி ஏமாந்ததே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அன்றே சொல்லித் தொலைத்தாரே அந்தச் சேலத்துக்காரர், கேட்டிருந்தால் என்ன? ஆனால் அண்ணனின் முதுகைப் பார்த்ததும் சட்டம் போடும் வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு, அந்த மாதங்களில் தான் ஒடுக்கிய முகங்களை எல்லாம் நினைவில் கொண்டுவந்து, சரியாகப் புதிதாகப் போட்டு, வீடு வீடாக எடுத்துக்கொண்டு போனார். நானும் ஒரு வீட்டுக்குப் போனேன். மாலை போட்டிருந்த படத்தைக் காட்டி, இதில் ஒரு தப்பு நடந்துபோச்சு, மாற்றித் தருகிறேன் என்றார். அந்த வீட்டு அம்மாள் திகைத்துவிட்டார். "பொட்டு வெச்சுச் சூடம் காட்டியாச்சு சாமி. இனிமே அவரு சாமி. கழட்டிக் குடுத்தா எங்க ஊட்டுக்கு ஆகுமா?" என்றார். எல்லா வீட்டிலும் இதே பதில்தான். சுவரில் ஏறிப் பொட்டு வைத்துக்கொண்ட முகத்தை இறக்க யாருக்கும் துணிவில்லை. தாடை இல்லாத பெரியவர்களும் கன்னம் ஒட்டிய அம்மாக்களும் அங்கங்கே சுவரில் அப்படியே இருந்தார்கள். அண்ணன் கொண்டுபோன படங்களோடு திரும்பி வந்து, அவற்றைப் பரண்மேல் போட்டார். ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருப்பது அப்போது வழக்கமாயிற்று.

கிளியூர்க்காரர் படம் ஒன்றாவது சரியாகப் போனதே என்றுதான் நான் அண்ணனைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அந்த ஆறுதலும் நிற்கவில்லை. கிளியூர்க்காரர் திரும்பவும் வந்தார், இந்த முறை இடுப்பில் மகளோடு. இன்னும் பள்ளிக்கூடத்தில் சேர்க்காத குழந்தை. "அண்ணா, அந்த மொதப் படத்த வெச்சிருக்கறீங்களா?" என்றார். முதல் படம் ஒரே ஒரு ராத்திரிதான் அவர் வீட்டில் இருந்தது. குழந்தை அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியதாம். புதுப் படத்தைக் கொண்டுபோய் வைத்ததும், "இது ஆருப்பா?" என்று கேட்டதாம். குழந்தைக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா பாயில்தான் கிடந்தாள். அம்மா என்றால் அவளுக்கு அந்த ஒட்டிய கன்னம்தான்.

கிழித்துவிட்டேன் என்று அண்ணன் சொன்னார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பக்கத்து முக்காலியில் குழந்தையை உட்கார வைத்து, அந்தப் படத்தைத் திறந்தார். இரண்டு கறுப்புப் பட்டைக்கு நடுவில் அவள் அம்மா கன்னம் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் அதைப் பக்கவாட்டில் கொஞ்சம் ஒடுக்கினார். "இதுவா கண்ணு?"

குழந்தை பார்த்துவிட்டு, "இன்னும்" என்றது.

இன்னும் கொஞ்சம் ஒடுக்கினார். "இப்ப?"

"இன்னும்."

குழந்தையின் அப்பா வாசலுக்குப் போய்விட்டார். அண்ணனுடைய கை மவுஸின்மேல் நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் எப்படிச் சொல்ல? தெரியாமல் செய்ததைத் தெரிந்தே செய்யச் சொல்கிறாள் ஒரு குழந்தை, மறுக்க வழியில்லை. என்னாலும் தாங்க முடியவில்லை, அழுதுவிட்டேன். அவர் திரும்பி, மறுபடி ஒடுக்கினார். கன்னம் உள்ளே போயிற்று. பொட்டு நீண்டது. குழந்தை முக்காலியிலிருந்து எக்கித் திரையில் கை வைத்து, "அம்மா" என்றது.

கிளியூர்க்காரர் அந்தப் படத்தையும் வாங்கிக்கொண்டு போனார். மகளுக்காக மெலிந்தவளைச் சுவரில் மாட்டினார். கன்னம் நிறைந்தவளைத் துணிப்பெட்டிக்குள் வைத்திருப்பதாகப் பிறகு ஒரு தடவை என்னிடம் சொன்னார். அண்ணன் அன்றிலிருந்து இறந்தவர்களின் படத்தைத் தொடவில்லை. வருகிறவர்களைச் சேலத்துக்கு அனுப்பினார். எந்தப் படத்தைக் கொடுத்தது சரி என்று ஓரிரு முறை என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. போன மழைக்காலத்தில் அண்ணனும் இறந்துபோனார்.

இப்போது கடையில் நான் மட்டும்தான். புதுக் கம்ப்யூட்டர், புதுப் பிரிண்டர். யாரும் அகலமாவதும் இல்லை, ஒடுங்குவதும் இல்லை. அண்மையில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் படம் எடுத்துக்கொள்ள வந்தாள். கிளியூர் என்றாள். திரையில் அவள் முகத்தைத் திறந்ததும் யார் மகள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதே நிறைந்த கன்னம், அதே சிரிப்பு, நெற்றியில் பொட்டு மட்டும் சின்னது. அவள் குனிந்து பார்த்து முகம் சுளித்தாள்.

"அத்தை, மூஞ்சி நொம்ப அகலமா இருக்குதுங்க. கொஞ்சம் ஒடுக்கிக் குடுக்கறீங்களா? எங்கம்மா மாதிரி."

"உங்கம்மா இப்படித்தான் இருந்தா சாமி. அச்சு அசல் நீதான்" என்றேன்.

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சிரித்தாள். "உங்களுக்குத் தெரியாதுங்க அத்தை. எங்க ஊட்டுல படம் இருக்குது."