கதீசு இத்தாவிடம் வீடு கேட்டு வந்தவன்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இன்று கோழிக்கோட்டில் கொப்பரை வியாபாரி எவனும் என்னைக் கேட்காமல் விலை சொல்ல மாட்டான். ஆனால் தலச்சேரியில், கடலைப் பார்த்து நிற்கும் என் மனைவி வீட்டில், நாற்பது வருஷமாகியும் நான் ‘புதியாப்பிள்ளை’தான், அதாவது புது மாப்பிள்ளை. எங்கள் பக்கத்து மாப்பிளா முஸ்லிம்களிடம் வீடு பெண்வழிச் சொத்து. அங்கே மூத்தவர் என் மனைவியின் அக்கா கதீசு இத்தா.

இத்தா யாரையும் நம்ப மாட்டார். மீன்காரன் கூடையில் மேலாக இருக்கும் மீனைத் தொடவே மாட்டார். கையை அடியில் விட்டுத்தான் எடுப்பார். சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவர். வீட்டை விற்றுவிடலாம் என்று உடன்பிறந்த ஆண்கள் அலுவாவோடு வந்தபோது, அலுவாவை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

போன மழையில் மாடி ஒழுகியது. மழை விட்டதும் விபின் என்றொருவன் வந்தான். பழைய கடற்கரைத் தெருவின் அழகைக் காக்கும் சங்கமாம். செலவில்லாமல் கூரை மாற்றித் தருவார்களாம்.

“ஹாஜியாரே, நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்” என்று ஒரு தாளை நீட்டினான்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. பேனாவை எடுத்தேன்.

“பேனாவை மூடுங்க, புதியாப்ளே” என்றார் கதவருகே நின்ற இத்தா.

“சும்மாதானே செஞ்சு தர்றாங்க, இத்தா.”

“எலிப்பொறியில வைக்கிற தேங்காயும் சும்மாதான்.” பிறகு அவனிடம், “மோனே, எதைக் காப்பாத்தப் போறே?”

“இந்த ஊரோட பழமையை, உம்மா. பழக்கவழக்கத்தை.”

“தலச்சேரியில வீட்டை மருமகன்கிட்ட கேக்கறது எந்தக் காலத்துப் பழக்கம்?”

அவன் சிரித்துப் பார்த்தான். இத்தா சிரிக்கவில்லை.

“சரி, மாடியில இவருக்கு ஒதுக்கின அறை இருக்கே, அதை என்ன பண்ணுவே?”

“அது கடல் தெரியற அறையாச்சே. பக்கத்துலயே ஒரு குளியலறை வச்சுட்டா, வந்து தங்கறவங்களுக்கு…”

“யாரு வந்து தங்கறவங்க? இது என்ன லாட்ஜா?”

விபின் கொடுத்திருந்த சூடான சுலைமானித் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தான். அதன் பிறகு அந்தச் சங்கத்தை எங்கள் தெருவில் யாரும் பார்க்கவில்லை.

கூரையை இத்தாவே மாற்றினார். பழைய ஓட்டில் உடையாததைத் தட்டிப் பார்த்து, திரும்பவும் ஏற்ற வைத்தார். பாதிச் செலவு என்னுடையது என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“உங்களுக்கு எதுக்கு?” என்றார்.

இப்போதும் நான் அங்கே சாப்பிட உட்கார்ந்தால், இத்தாவின் கண் முதலில் என் சட்டைப்பையில் இருக்கும் பேனாவுக்குத்தான் போகும்.