ரூபிக்கு ஒரு துப்பாக்கி

மிச்சிகனின் வடகோடியில், ஏரிக்கும் காட்டுக்கும் நடுவே கிடக்கும் அந்த ஊரில் வெண்டல் ஒல்லிலா முப்பத்தேழு வருஷமாகப் பனி தள்ளுகிறார். கவுண்டி நிர்வாகம் கொடுத்த லாரி, அதன் முன்னால் ஆளுயர இரும்பு அலகு, வருஷத்தில் ஆறு மாதம், விடியுமுன் நாலு மணிக்கு எழுந்திருக்கும் வேலை. தான் இதுவரை தள்ளிய பனியை எல்லாம் ஒரே இடத்தில் குவித்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை லாரியில் போகும்போதே யோசித்துப் பார்த்தார். சித்திரை பிறந்தால் உருகிவிடும் என்று விடை வந்தது. அதற்குப் பிறகு அப்படி யோசிப்பதை விட்டுவிட்டார்.

அவருக்கு ஊரில் பெயர் வாங்கித் தந்தவை இரண்டு. ஒன்று, .300 மேக்னம் என்கிற துப்பாக்கி. இன்னொன்று, ஒரு கிண்டல்.

இருபத்து நான்கு வயதில், முதல் குளிர்கால ஓவர்டைம் மொத்தத்தையும் கொட்டி அந்த மேக்னத்தை வாங்கினார். அதே வாரத்தில் அவருடைய சிநேகிதன் கோர்டி டிரெவாரோ .243 ஒன்றை வாங்கினான். காலிபர் என்பார்கள், குண்டின் குறுக்களவை அங்குலத்தில் சொல்லும் கணக்கு. இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் அரை நூல். மருந்து என்னவோ மேக்னத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் என்பது உண்மைதான். ஆனாலும் அந்த அரை நூலில் ஆண்மை முழுவதும் அடங்கியிருக்கிறது என்று அந்தப் பக்கத்தில் எல்லாரும் மனப்பூர்வமாக நம்பினார்கள். வெண்டல் கோர்டியின் துப்பாக்கியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல அணில் துப்பாக்கி" என்றார். அன்று எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் சிரித்த ஒன்றை ஒரு மனிதன் எப்படி விடுவான்? முப்பத்தேழு நவம்பராக அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்களுடைய வேட்டை முகாமில் அப்போது ஆறு பேர். தேவதாரு மரங்களுக்கு நடுவே ஒரு மரக்குடிசை, பக்கத்தில் சௌனா என்கிற நீராவிக் குளியல் கொட்டகை. நவம்பர் பதினைந்து மான் வேட்டை தொடங்கும் நாள் என்றால் பதினாலு மதியமே ஆறு பேரும் ஆஜர். இப்போது மிஞ்சியிருப்பது வெண்டலும் கோர்டியும்தான். இரண்டு பேர் செத்துப்போனார்கள், இரண்டு பேர் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோனார்கள். ஊரில் இரண்டையும் ஒரே குரலில்தான் சொல்வார்கள்.

போன ஏப்ரலில் வெண்டலுக்கு வலது தோள் போயிற்று. டாக்டர் படத்தைக் காட்டி விளக்கினார்: தசைநார் முக்கால்வாசி கிழிந்திருக்கிறது. வண்டி ஓட்டலாம். கனமாக எதையும் தூக்கக் கூடாது. அங்கே பலமாக ஓர் உதை விழுந்தால் மிச்சமும் அறுந்துவிடும், அப்புறம் லாரியை மறந்துவிட வேண்டியதுதான்.

"உதைன்னா?" என்று கேட்டார் வெண்டல்.

"குதிரை, மேக்னம், அந்த மாதிரி" என்றார் டாக்டர். அவரும் அந்த ஊர்க்காரர்தான்.

ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு குளிர்காலம் இருக்கிறது. மேக்னத்தில் சுட்டால் தோள் போகும். வேட்டைக்குப் போகாவிட்டால் கோர்டி தனியாக உட்கார்ந்திருப்பான், அடுத்த வருஷம் அவனும் ஃப்ளோரிடா போவான், முகாம் அத்தோடு சரி. சின்னத் துப்பாக்கியோடு போனால் முப்பத்தேழு வருஷத்துக் கிண்டலும் திரும்பி வந்து அவர் தலையிலேயே இறங்கும். இந்த மூன்றையும் அவர் கோடை முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூன்றாவதுதான் மோசமாகத் தெரிந்தது.

"கோர்டிகிட்ட உண்மையச் சொல்லிடேன்" என்றாள் மனைவி ஆர்லீன், அவர் தோளில் மருந்து தடவிப் பட்டை ஒட்டிக்கொண்டே.

"சொல்லலாம்."

"எப்போ?"

"அவன் செத்ததுக்கப்புறம்."

ஆர்லீன் மருந்துக் குழாயை மூடினாள். நவம்பர் சட்டைகளைப் பழந்துணிக் கடையில்தான் அவருக்கு வாங்குவாள். மானைப் பார்த்துச் சுட்டுத் தவறவிட்டவனின் சட்டை வாலைக் கத்தரித்து முகாம் சுவரில் ஆணி அடித்து மாட்டுவது வழக்கம். கடைசி ஆறு வருஷமும் அந்தச் சுவரில் ஏறியது வெண்டலின் சட்டைதான். காற்று, வெளிச்சம், கிளை என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் இருந்தது. விசையை இழுக்கும்போது உதைக்குப் பயந்து கண்ணை இறுக மூடிக்கொள்கிறார் என்கிற காரணம் மட்டும் யார் வாயிலும் வரவில்லை. அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அக்டோபர் தொடக்கத்தில் ஒரு நாள் வேலை முடித்த கையோடு, பூட்ஸைக்கூட மாற்றாமல், மார்லிஸ் போத்வான் கடைக்குப் போனார். முன்பாதி ஹார்டுவேர், பின்பாதி துப்பாக்கி. மார்லிஸ் அவரோடு ஒரே வகுப்பில் படித்தவள்.

"சின்னப் பிள்ளைக்கு மான் துப்பாக்கி பாக்கணும்" என்றார்.

"யாரு பிள்ளை?"

"தங்கச்சி பேத்தி. கிரீன் பே ஊர்லருந்து வருது."

"வயசு?"

வெண்டல் காலையிலிருந்து பதினோரு மணி நேரம் லாரி ஓட்டியிருந்தார். மூளையில் கையருகே கிடந்ததை எடுத்துக் கொடுத்தார். "பதினொண்ணு."

"பேரு?"

"ரூபி."

ரூபி அவர் வளர்த்த நாய். பதினோரு வயதில் செத்துப்போனது.

மார்லிஸ் மேஜைமேல் நான்கு துப்பாக்கிகளை வரிசையாக வைத்தாள். முப்பது-முப்பது என்கிற ரகம் இருந்தது, இந்தக் காட்டில் பாதி மான் அதில்தான் விழுந்திருக்கிறது, ஆனால் சின்ன உடம்புக்கு உதை ஜாஸ்தி என்றாள். .308 இருந்தது, மருந்தைக் குறைத்த தோட்டா போட்டால் சமாளிக்கலாம், அது எப்போதும் கிடைக்காது. புதிதாக வந்த ஆறரை மில்லிமீட்டர் ஒன்று இருந்தது. ஐந்நூறு கெஜம் தாண்டியும் சுடும், இந்தச் சதுப்பில் எண்பது கெஜத்துக்கு மேல் கண்ணே போகாது. கடைசியில் .243.

"இது போதுமா?" வெண்டலின் குரல் கொஞ்சம் இறங்கியது. "மானுக்கு?"

"நூறு கிரெய்ன் எடையில குண்டு போடு. முன்னங்காலுக்குப் பின்னாடி, நெஞ்சுல வை. மான் காலிபரைப் படிச்சுப் பாக்காது, வெண்டல். எங்க படுதுன்னுதான் பாக்கும். பெரிசா ஒண்ணக் குடுத்து, அது உதைக்குப் பயந்து கண்ண மூடிக்கிட்டுச் சுட்டா அப்புறம் என்ன பிரயோசனம்?"

வெண்டல் கூரையைப் பார்த்தார்.

"உதை எவ்வளவு தாங்கும் பொண்ணு?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"தாங்காது. தோள்ல கொஞ்சம்... வலது தோள்ல."

"பதினோரு வயசுலயா?"

"விளையாட்டுல விழுந்துடுச்சு."

"கை நீளம்?"

வெண்டல் அந்த .243-ஐ எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தார். பின்கட்டை இரண்டு அங்குலம் குட்டை. கட்டைவிரல் மூக்கில் இடித்தது.

"பொண்ணு கொஞ்சம் உயரம்" என்றார்.

"எவ்வளவு?"

"என் அளவு வரும்."

மார்லிஸின் முகத்தில் எதுவும் அசையவில்லை. உள்ளே போய்ப் பின்கட்டையில் சொருகும் ரப்பர்த் துண்டுகள் இரண்டை எடுத்துவந்து திருகினாள். "பள்ளிக்கூடத்துல மொத்தம் ஆறு பிள்ளைங்க" என்றாள், திருகிக்கொண்டே. "சின்னப்பிள்ளைத் துப்பாக்கி இந்த வருஷம் பதினாலு வித்துட்டேன். எல்லாத்துக்கும் இந்தத் துண்டு போட்டுத்தான் போச்சு."

"வெளியூர்லருந்து நிறைய வருதுங்க போல" என்றார் வெண்டல்.

"போல" என்றாள் மார்லிஸ்.

அரசாங்கப் படிவத்தில் ஒரு கேள்வி: துப்பாக்கியை உண்மையாக வாங்குபவர் நீங்கள்தானா? வெண்டல் 'ஆம்' என்று கட்டம் நிரப்பிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கடைக்குள் அன்று அவர் வெளியிட்ட ஒரே உண்மை அதுதான்.

ஒரு வாரத்துக்குள் ஊர் இரண்டாகப் பிரிந்தது. .243 போதுமா, போதாதா? சாலை வரியைப் பற்றிக்கூட இவ்வளவு கூர்மையான கருத்துகள் அந்த ஊரில் வெளிப்பட்டதில்லை. தபால் அலுவலக ஆள் .308 கட்சி. பாதிரியார் முப்பது-முப்பது, பிரசங்கம் முடிந்து வெளியே வந்ததும் வெண்டலின் இடது கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் விளக்கினார். காபிக் கடையில் ஒரு பல் டாக்டர், வாயில் பஞ்சு வைக்கப்பட்ட நோயாளி மறுத்துப் பேச முடியாத நேரமாகப் பார்த்து வளர்த்துக்கொண்ட தன் கொள்கையை, முதன்முறையாக மறுத்துப் பேசக்கூடியவர்கள் முன்னால் வைத்துத் தோற்றார். ரூபியின் உயரம், எடை, தோள்வலி எல்லாம் ஆராயப்பட்டன. ரூபி உண்டா இல்லையா என்று மட்டும் யாரும் ஆராயவில்லை.

அதோடு சாமான்கள் வர ஆரம்பித்தன. நாலாம் நம்பர் பூட்ஸ். சிறுமி அளவில் ஆரஞ்சு கோட்டு. கை சூடாக்கும் பொட்டலங்கள். முயல்காது வைத்த ஒரு கம்பளித் தொப்பி. வெண்டலின் பிக்கப் வண்டியில் பக்கத்து இருக்கை நிறைந்து போயிற்று. விடியுமுன் வேலைக்குப் போகும்போது அந்தத் தொப்பி பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். அவர் அதைப் பார்க்காமல் ஓட்டுவார். ஒரு பொய்யை வைத்துக் காப்பாற்றுவது ஒரு பிள்ளையை வைத்துக் காப்பாற்றுவதைவிட அசதி என்று அவருக்குத் தோன்றியது.

கோர்டியின் தொலைபேசி தனிச் சித்திரவதை.

"ரூபி கறி அடைச்ச பாஸ்டி தின்னுவாளா? இல்ல வேற ஏதாவது வாங்கி வைக்கவா?"

"தின்னும்."

"கறி மட்டும் பொறுக்கித் தின்னுமா?"

"தெரியலடா."

"எலும்பு போட்டா?"

"என்னது?"

"சூப்புக்குச் சொல்றேன். கட்டில்ல படுக்குமா, கீழயே படுத்துக்குமா?"

"எங்க வேணா படுக்கும்" என்றார் வெண்டல். அன்று எட்டு அங்குலம் பனி விழுந்திருந்தது, அதைத் தள்ளிய அசதியில் அவருக்கு எதுவும் உறைக்கவில்லை.

நவம்பர் பதினாலு மதியம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார். வழி முழுக்க ஒத்திகை பார்த்த வாக்கியத்தை இறங்கும்போதே சொல்லிவிட்டார்: "ரூபிக்குக் காய்ச்சல். வரல. துப்பாக்கி சும்மா கிடக்குதேன்னு எடுத்துட்டு வந்தேன்."

"மேக்னம் எங்க?"

"ரிப்பேர்."

"அய்யோ பாவம்" என்றான் கோர்டி. எதைச் சொன்னான் என்று தெரியவில்லை.

சாயங்காலம் சௌனாவில் உட்கார்ந்தார்கள். முதல் சட்டி தண்ணீரைச் சூடான கல்லில் ஊற்றுவது எப்போதும் வெண்டல்தான். அகப்பையை இடது கையால் எடுத்தார். பாதித் தண்ணீர் கோர்டியின் காலில் விழுந்தது.

"வலது கை எங்க போச்சு?" என்றான் கோர்டி.

வெண்டல் இன்னொரு அகப்பைத் தண்ணீர் மொண்டார், அதுவும் இடது கையால். தோளில் ஆர்லீன் ஒட்டிய பட்டைகள் ஆவியில் ஓரம் பிரிந்து தொங்கின.

"மார்லிஸ் சொன்னா. அந்தப் பொண்ணுக்கும் வலது தோளுதானாம்."

வெண்டல் பிரிந்து தொங்கிய பட்டையை உரித்தெடுத்தார்.

"எப்பத்திலருந்து தெரியும் உனக்கு?"

"பேரு காதுல விழுந்த அன்னிக்கே. ரூபியப் புதைக்கக் குழி தோண்டினது யாரு? உறைஞ்ச மண்ணு. நாந்தான்டா கடப்பாறை போட்டேன்."

"அப்ப எலும்பு, கட்டில்னு..."

"ஒரு மாசம் நல்லாப் பொழுது போச்சு."

வெண்டல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சொல்ல வேண்டியதை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னார்: டாக்டர், லாரி, இரண்டு குளிர்காலம், ஆறு வருஷமாக மூடிய கண். சொல்லி முடித்தபோது மலை எதுவும் இறங்கிய மாதிரி இல்லை. இன்னும் அசதியாகத்தான் இருந்தது.

கோர்டி அகப்பையை வாங்கித் தண்ணீர் ஊற்றினான். "முப்பத்தேழு வருஷமா அணில் துப்பாக்கின்னு சொன்னே. வருஷத்துக்குப் பத்துத் தடவைன்னு வச்சாலும் எங்கயோ போகுது. எனக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு தடவை நான் சொல்லிக்கிறேன். எப்போன்னு நாந்தான் முடிவு பண்ணுவேன்."

"இப்பவே சொல்லித் தொலை."

"மாட்டேன்" என்றான் கோர்டி.

மறுநாள் விடிந்து ஒரு மணி நேரம் கழித்து, வெண்டலின் மறைவிடத்துக்கு அறுபது கெஜத்தில், தேவதாரு மரங்களுக்குள்ளிருந்து கொம்பு முளைத்த இளம் மான் ஒன்று வந்து நின்றது. வெண்டல் குட்டைத் துப்பாக்கியை ஜன்னல் சட்டத்தில் தாங்கவைத்தார். முன்னங்காலுக்குப் பின்னால் குறி வைத்தார். கண்ணை மூடப் போகிறோம் என்று காத்திருந்தார், அதற்குள் வெடித்துவிட்டது. 'தள்ளி உட்காரு' என்று யாரோ தோளில் தட்டிய அளவுதான் உதை. சுட்ட பிறகும் மான் துப்பாக்கியின் தொலைநோக்கிக்குள் தெரிந்தது அவருக்கு ஆறு வருஷத்தில் முதல் தடவை. அது முப்பது பாய்ச்சல் ஓடி, முன்னங்கால் மடங்கிச் சரிந்தது.

காலித் தோட்டாவை வெளியே தள்ளினார். பெருமையாக ஏதாவது வரும் என்று பார்த்தார். பசிதான் வந்தது.

வெடிச்சத்தம் கேட்டு கோர்டி தன் .243-ஐத் தோளில் மாட்டிக்கொண்டு, கயிற்றோடு வந்து சேர்ந்தான். மானின் கொம்பில் முடிச்சுப் போட்டான். முகாமுக்கு அரை மைல், எல்லாம் ஏற்றம், முழங்கால் அளவுப் பனி. வெண்டல் இடது கையால் கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்கப் போனார். கோர்டி அதைப் பிடுங்கிக்கொண்டான்.

"உனக்கு எதுக்குடா கயிறு?" என்றான். "சுட்டது அணில் துப்பாக்கி. அப்ப விழுந்தது அணில்தானே. சட்டைப்பையில போட்டுட்டு வா."

வெண்டல் அவனைப் பார்த்தார். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"தீந்துச்சா?"

கோர்டி கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு இழுத்தான். இருபது அடி போனதும் நின்று, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கும் அறுபத்தொன்று.

"மூச்சு வாங்கிடுச்சு. சரியா வரல அது" என்றான். "மேல போய் இன்னொரு தடவை சொல்றேன். இது கணக்குல சேராது."

"சேராது" என்றார் வெண்டல். கோர்டியின் துப்பாக்கியையும் வாங்கித் தன்னுடையதோடு இடது தோளில் மாட்டிக்கொண்டு, அவன் போட்ட தடத்தில் பின்னால் நடந்தார். இரண்டும் சேர்ந்துகூட அவருக்கு அந்த மேக்னம் அளவுக்குக் கனக்கவில்லை.