ஒய்பி கை கழுவிய தண்ணீர்

இன்று எங்கள் தோட்டத்து லயத்தில் நடந்த கோயில் விருந்துக்கு ஒய்பி, அதாவது எங்கள் சட்டமன்ற உறுப்பினர், வந்தார். சட்டமன்றம் கூடாத நாட்களில்தான் அவருக்கு எங்கள் தோட்டத்துக்கு வழி தெரியும்.

இரண்டு வாரமாகக் குழாயில் தண்ணீர் இல்லை. படுத்த படுக்கையாக இருக்கும் கணவரைத் துடைத்துவிடக்கூட வழியில்லாத செல்வி அக்கா, அதைச் சொல்லத்தான் காத்திருந்தார்.

ஆனால் வாழையிலையில் சாப்பிடுகிறவர் கை கழுவ வேண்டுமே என்று, கோயில் கமிட்டி காலையிலேயே லோரித் தண்ணீர் வாங்கித் தொட்டியை நிரப்பியிருந்தது.

ஒய்பி குழாயைத் திறந்தார். "தண்ணி நல்லா வருதே!"

"ஐயா, இது உங்களுக்காக ஊத்தினது. நாளைக்கு வந்து தொறந்து பாருங்க!" என்றார் செல்வி அக்கா.

"சாப்பிட வந்தவர்கிட்ட இப்பவா லா?" என்று கமிட்டித் தலைவர் அக்காவை இழுத்தார். ஒய்பி கார் ஏறிவிட்டார்.

மிச்சத்தைப் பிடிக்க எல்லோரும் ஓடினோம். அழுதுகொண்டு நின்ற அக்காவுக்குக் கிடைத்தது அரை வாளி.

அடுத்த முறை கை கழுவத் தண்ணீர் ஊற்றாமல், அவருக்குக் கரண்டி கொடுத்துவிடலாமா? உங்கள் பக்கம் எப்படி?