எட்டு எழுத்துக்குள் அடங்காத முகர்ஜிகள்

ஒரு கம்ப்யூட்டருக்கு எழுதிய புரோகிராமை இன்னொன்றில் ஓட வைக்கும் பிழைப்பில் நிம்மதி என்பதே கிடையாது. இங்கே ஒழுங்காக உட்கார்ந்தது அங்கே போய்க் கவிழும். அந்தப் பாடு பட்டவர்கள் என் பக்கத்தில் வந்து உட்காரலாம்.

எண்பதுகளின் நடுவில் கல்கத்தாவில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். ரத்தப் பரிசோதனை லேப் ஒன்று எங்கள் வாடிக்கையாளர். பாலிகஞ்சில் இருந்த பெரிய லேபுக்கு யூனிக்ஸ் மெஷின். காளிகாட் கிளைக்குச் சாதாரண டாஸ் பி.சி. இரண்டிலும் ஒரே புரோகிராம் ஓட வேண்டும். லேப் டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "மத்ததெல்லாம் எப்படியோ போகட்டும். ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் பேர்ல போகக்கூடாது."

அலமாரி எங்கே?

டாஸில் ஓடிய புரோகிராமை முதலில் பாலிகஞ்சுக்குக் கொண்டுபோனோம். ஒரு ஃபைல் எந்தப் பிரிவுக்குள் இருக்கிறது என்று சொல்ல டாஸில் இடப்பக்கம் சாய்ந்த கோடு போட வேண்டும்; யூனிக்ஸில் வலப்பக்கம் சாய்ந்த கோடு. தப்பான கோட்டைப் பார்த்தால் யூனிக்ஸ் திட்டவாவது செய்யலாம், செய்யாது. கோட்டையும் பெயரோடு சேர்த்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டிவிடும்.

சர்க்கரை, சிறுநீர், ரத்தப் பிரிவு என்று தனித்தனியாக வைத்த ரிப்போர்ட்டெல்லாம் ஒரே குவியல். நானும் என்னோடு வேலை பார்த்த சுபோவும் ஒவ்வொரு கோடாகத் திருத்திக்கொண்டிருந்தோம். லேபின் டைப்பிஸ்ட் மாலதி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு நான் தீதி, அதாவது அக்கா. "ஏன் தீதி, வீடு மாத்தறப்போ அலமாரியை விட்டுட்டுத் துணியை மட்டும் கொண்டுவந்துட்டீங்களா?"

போனது தெரியாமல்

கோடு சரியானதும் வேறு கூத்து. டாஸ் பி.சி.யில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை பார்க்க முடியும். யூனிக்ஸில் நாலு பேர் நாலு திரையில். மாலதி ஒரு ரிப்போர்ட்டைத் திறந்து அடித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்துத் திரைக்காரர் பழசென்று நினைத்து அதை அழித்துவிட்டார். யூனிக்ஸ் அதற்குத் தடை சொல்லாது. திறந்து வைத்தவருக்கு மட்டும் ஃபைல் இருப்பதுபோலவே இருக்கும். மூடியதும் காணாமல் போகும்.

மின்வெட்டில் போயிருந்தால் மின்சாரத்தைத் திட்டலாம். இதற்கு யாரைத் திட்டுவது? ஒருவர் திறந்ததை இன்னொருவர் தொடாதபடி பூட்டு எழுதி முடிக்கும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நடந்ததைச் சொன்னதும் மாலதிக்கு முகம் வெளுத்துவிட்டது. "செத்துப்போனதுக்கு அப்புறமும் காலை முழுக்க எங்கிட்ட பேசிட்டு இருந்திருக்கே தீதி!"

எல்லா முகர்ஜியும் ஒருவரே

பாலிகஞ்சில் தயாரான ரிப்போர்ட்டுகள் ஃப்ளாப்பியில் காளிகாட் போகும். அங்கே எங்கள் புரோகிராம் அவற்றைப் பி.சி.யில் இறக்கும். குடும்பப் பெயரில் தொடங்கும் நோயாளி பெயர்தான் ஃபைலின் பெயர். டாஸ் அதில் ஆங்கிலத்தில் எட்டு எழுத்துதான் ஏற்கும். மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். நாங்கள் சென், தாஸ், கோஷ் என்று குட்டிப் பெயர்களாகப் பார்த்துச் சோதித்திருந்தோம். முகர்ஜிக்கு ஒன்பது எழுத்து. காளிகாட்டிலோ தடுக்கி விழுந்தால் ஒரு முகர்ஜி மேல்தான் விழ வேண்டும். அத்தனை பேரும் ஒரே ஃபைலாகி, கடைசியாக வந்தவரின் ரத்தமே எல்லா முகர்ஜிக்கும் ஓடியது.

காகிதத்தின் தலைப்பில் வரும் பெயர் கிளையின் பதிவிலிருந்து வருவதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டு முகர்ஜிகளுக்கு ஒரே எண்கள் இருப்பதைக் கண்டு சுபோதான் பதறினான். அதற்குள் ஒரு ரிப்போர்ட் வெளியே போயிருந்தது. வாங்கிப் போனவர் பல வருஷச் சர்க்கரை நோயாளி; அவர் கையில் இருந்ததோ யாரோ ஓர் இளவட்ட முகர்ஜியின் சர்க்கரை ஏறாத ரத்தம்.

சந்து சந்தாக ஓடினோம். மாத்திரையை நிறுத்திவிடுவாரோ என்றுதான் பயம். மிட்டாய்க் கடை வாசலில் பிடித்தோம். கையில் ஒரு மண்சட்டி நிறைய இனிப்புத் தயிர். மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னேன். சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். "நீ சொல்ல வந்ததை ரெண்டு ஸ்பூன் பொறுத்துச் சொல்லு மா."

வீட்டுப் பெயர்

இன்னொரு தடவை நடந்தால் மெஷினைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். வழி சொன்னவன் சுபோ. வங்காளிகளுக்கு ஆளுக்கு இரண்டு பெயர்: வீட்டில் கூப்பிட ஒரு சின்ன 'டாக் நாம்', வெளியில் எழுத ஒரு நீளப் பெயர். "எங்கம்மா என்னை முழுப் பேர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டா சோறு ஆறிடும். வீட்ல நான் பாப்லு. ஃபைலுக்கும் அப்படி ஒண்ணு வெச்சா என்ன?"

வைத்தோம். ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் எட்டுக்குள் அடங்கும் தனித்தனி எண். முழுப் பெயர் ஃபைலுக்குள்ளே. இரண்டு மெஷினும் வாயை மூடிக்கொண்டன.

அடுத்த மாதம் அதே முகர்ஜி வந்தார். அவர் பெயர், அவர் ரத்தம், அவர் சர்க்கரை, ஏகத்துக்கு ஏறியிருந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தார். "போன தடவை ஓட்டினியே, அந்தப் புரோகிராமை இன்னும் ஒரே தடவை ஓட்டிப் பாரேன் மா. துர்கா பூஜை வேற வருது, வீடு பூரா இனிப்பு."

இத்தனை வருஷத் தொழிலில் நான் எழுதிய எதையாவது ஒரு வாடிக்கையாளர் ஆசையோடு திரும்பக் கேட்டார் என்றால், அந்தப் பிழை ஒன்றைத்தான்.