சுல்தானை ஒப்புக்கொண்ட ஞாயிறு

மட்டாஞ்சேரி அரிசிக் கடைவீதியில் நானும் சேட்டனும் அடுத்தடுத்த கடை. மதியச் சாயா வந்ததும் எங்கள் வழக்கு ஆரம்பமாகிவிடும்: மைசூர் சுல்தான் பெரியவரா, திருவிதாங்கூர் ராஜா பெரியவரா? தமிழ் பேசும் ராவுத்தரான நான் ராஜா கட்சி. நெற்றியில் சந்தனம் இல்லாமல் வைப்பின் தீவிலிருந்து படகேறாத அவர் சுல்தான் கட்சி. புதிதாகக் கேட்பவர்கள் தலையைச் சொறிவார்கள்.

குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்து, பிடிபட்ட தளபதியையே தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தாரே ராஜா, அதுதான் தலைமை என்பேன். கோட்டை வாசலில் வாளோடு விழுந்த உங்க சுல்தான் ஜனங்களுக்கு என்ன விட்டுவிட்டுப் போனார்? சேட்டன் விடமாட்டார். "ஜெயிக்கறப்போ ஆரும் ராஜாதான், ராவுத்தரே. தோக்கறப்போ எப்படி நிக்கான்னு அதல்லே நோக்கணும்."

தோல்வியை ஒப்புக்கொள்கிறவர் மற்றவருக்குச் சாயா வாங்கித்தர வேண்டும் என்பது பந்தயம். இத்தனை வருடத்தில் அந்தச் சாயாவை இருவருமே குடித்ததில்லை. வீம்பில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்ல.

போன மழைக்காலத்தில் சேட்டனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஞாயிறுதோறும் வைப்பினுக்குப் போய், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சுல்தானைத் திட்டுவேன். சுற்றிலும் பகையைச் சேர்த்துக்கொண்ட மனுஷன், அவரெல்லாம் ஒரு தலைவரா என்பேன். சேட்டன் தொண்டையிலிருந்து கரகரவென்று சத்தம் வரும், இடது கை மெத்தையை அடிக்கும். "இக்கா வந்தா மாத்ரம்தான் இந்தச் சத்தம் வருது. நிறுத்த வேண்டா, நல்லா திட்டுங்க" என்பார் அவர் மனைவி. அதை நம்பித்தான் திட்டினேன்.

ஆனால் வாராவாரம் சத்தம் குறைந்தது. போன ஞாயிறு எவ்வளவு திட்டியும் கை அசையவில்லை. கடைவாயில் எச்சில் வழிந்தது, கண் என் மேலேயே இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. அந்த நோயை ஓங்கி அறையவேண்டும் போல ஆத்திரம், அழுகையும் வந்தது.

"போதும் சேட்டா. நான் தோத்துட்டேன். சுல்தான்தான் பெரியவர்."

சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் முகம் வெளிறிப்போனது. சொன்ன எனக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது: எழுந்து வரப்போகிற சேட்டனிடம் நான் ஒருநாளும் தோற்கமாட்டேன்.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி சாயா கொண்டுவந்தார். ஸ்பூனில் எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக்கிக்கொண்டார். "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் சேட்டா, ராஜாதான் பெரியவர்" என்று கெஞ்சினேன்.

வாயைத் திறக்கவே இல்லை.